பூநாரையும் கூழைக்கடாவும்

தூத்துக்குடி முத்தாலும் உப்பாலும் பெயர்பெற்ற துறைமுக நகரம். மில்லர்புரம் முதலிய குடியிருப்புகளை விட்டு உப்பளங்களின் பக்கம் செல்வோர், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நாள்களில் ஓர் இனிய காட்சியைக் காணலாம். பளிங்கு போல் பரந்த ஆழமற்ற நீரில், நெடிய கால்களையும் வளைந்த கழுத்தையும் உடைய வெளிர்சிவப்புப் பறவைகள் தலையைக் கவிழ்த்து வரிசையாக மேய்ந்துகொண்டிருக்கும். அவை பூநாரைகள். சற்று ஆழமான நீர்த்தேக்கம் ஒன்றில், பருத்த உடலும் குறுகிய கால்களும் கொண்டு, கூரை ஓடு நீண்டாற்போன்ற அலகைத் தாங்கி, ஓடம் போல் மெல்ல நீந்திவரும் சாம்பல் நிறப் பறவைகளும் தென்படும். அவை கூழைக்கடாக்கள்.

இவ்விரண்டும் நீரை நம்பி வாழ்பவை, கூட்டமாகக் கூடுபவை, உருவிற் பெரியவை. ஆயினும் பிறப்பு, உணவு, இல்லம், வாழ்வுக்கு நேரும் இடர் ஆகிய நான்கிலும் அவை வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. எந்த உயிருக்கு எது இன்றியமையாதது என்று அறிந்தவரே அவ்வுயிரைக் காக்க வல்லவர் ஆவர்.

நிலத்தையும் உயிரையும் இணைத்துக் காணும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துப் பறவையையும் ஒன்றாக வைத்தார். மரபியலில் உயிர்களை அறிவின் அளவு கொண்டு ஆறு வகையாகப் பகுத்தார். நிலம் மாறினால் பறவை மாறும் என்பதும், உயிர்களை ஒரு முறை பற்றி வகைப்படுத்தலாம் என்பதும் அவர் காட்டிய நெறிகள். அந்நெறி நின்று நோக்கின், பூநாரை நெய்தல் நிலத்து உவர்நீரையும், கூழைக்கடா மருத நிலத்துக் குளத்தையும் தமக்குச் சிறந்த இடமாகக் கொண்டவை எனலாம்.

உருவ வேறுபாடு

பூநாரை நின்றால் ஏறத்தாழ நான்கடி முதல் ஐந்தடி வரை உயரம் இருக்கும். ஆயினும் எடை 2 முதல் 4 கிலோகிராம் அளவே. உயரத்தின் பெரும்பகுதி காலும் கழுத்துமே ஆகும். அதன் காலின் நடுவே பின்னோக்கி மடங்கும் மூட்டைப் பார்ப்பவர் அதனை முழங்கால் என்று எண்ணுவர். உண்மையில் அது கணுக்கால் ஆகும்; முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. உடல் வெண்மை கலந்த இளஞ்சிவப்பாகவும், சிறகை விரித்தால் உள்ளே செந்நிறமும் கருநிறமும் உடையதாகவும் தோன்றும். கிரேக்கர் இதற்குச் ‘செஞ்சிறகி’ என்னும் பொருள்பட இட்ட பெயரே இன்றும் இதன் அறிவியற் பெயரில் நிலைத்துள்ளது.

கூழைக்கடா உயரத்தால் அன்றிப் பருமனால் பெரியது. அலகின் நுனி முதல் வால் வரை 130 முதல் 150 சென்டிமீட்டர் வரை நீளமும், 4 முதல் 6 கிலோகிராம் எடையும் கொண்டது. விரித்த சிறகு எட்டடி அளவு இருக்கும். மேலலகின் ஓரங்களில் கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்திருத்தலின் இதனைப் புள்ளியலகுக் கூழைக்கடா என்பர். கீழலகின் அடியில் தோற்பை ஒன்று தொங்கும். அப்பையில் அது பல நாளைக்கு வேண்டிய மீனைச் சேமித்து வைக்கிறது என்பது பலரும் நம்பும் தவறான செய்தி. அது பண்டகசாலை அன்று. மீனை வாரும் வலையே ஆகும். நீரோடு மீனை அள்ளியபின், அலகைத் தாழ்த்தி நீரை வடியவிட்டு, மீனை விழுங்கிவிடும். வெயில் மிகும்போது அப்பையை விரைந்து அசைத்து உடலின் வெப்பத்தையும் தணித்துக்கொள்ளும்.

வானிற் பறக்கும்போதும் இரண்டையும் எளிதிற் பிரித்தறியலாம். பூநாரை கழுத்தை முன்னும் காலைப் பின்னும் நேராக நீட்டி, ஒரு கோல் பறப்பது போலப் பறக்கும். கூழைக்கடாவோ கழுத்தைத் தோள்களுக்கிடையே மடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பறக்கும்.

இனமும் உறவும்

பறவைகளை வரிசை, குடும்பம், பேரினம், இனம் எனப் படிப்படியாகப் பகுப்பது அறிவியலார் முறை. இம்முறையில் நம் பூநாரைக்குப் ‘பீனிக்காப்டெரசு ரோசியசு’ என்றும், கூழைக்கடாவுக்குப் ‘பெலிக்கானசு பிலிப்பென்சிசு’ என்றும் பெயர் வழங்குகிறது. உலகில் பூநாரை இனங்கள் ஆறு. அவற்றுள் உயரத்தால் மிக்கது நம் கடற்கரைக்கு வரும் இப்பெரும் பூநாரையே. கூழைக்கடா இனங்கள் எட்டு.

இங்கே ஒரு வியப்பு உண்டு. பூநாரையின் பெயரில் நாரை இருக்கிறது. நெடுங்காலும் நெடுங்கழுத்தும் நாரையை ஒத்திருக்கின்றன. ஆகவே அது நாரையின் சுற்றம் என்று எவரும் எண்ணுவர். அறிஞர் சிலரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். வேறு சிலர், அதன் விரல்களுக்கிடையே சவ்வு இருப்பதையும் குரல் வாத்தின் குரலை ஒத்திருப்பதையும் கண்டு, அதனை வாத்தின் கிளை என்றனர். அண்மைக் காலத்தில் பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது இரு கருத்தும் பொருந்தவில்லை. பூநாரைக்கு மிக நெருங்கிய உறவு, நம் ஊர்க் குளங்களில் மூழ்கி மூழ்கி எழும் சிறிய முக்குளிப்பான் குடும்பமே என்று தெரியவந்தது. ஒன்று ஐந்தடி உயரம். மற்றொன்று ஒரு சாண் அளவு. ஆயினும் அவை ஒரு மூதாதையின் வழிவந்தவை.

கூழைக்கடாவின் வரலாறும் இத்தகையதே. அதன் நான்கு விரல்களும் ஒரே சவ்வால் இணைந்தவை. நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் கால் அவ்வாறே அமைந்திருப்பதால், இவை யாவும் ஒரே வரிசை என்று முன்னர் வகுத்தனர். இன்றைய ஆராய்ச்சி நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் வேறு வரிசைக்கு மாற்றிவிட்டது. கூழைக்கடாவோ கொக்கு, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. நாரை என்னும் பெயரைத் தாங்கிய பூநாரை சாம்பல் நாரைக்கு அயலாயிற்று. அப்பெயர் இல்லாத குறுங்காற் கூழைக்கடா உறவாயிற்று. உருவமும் பெயரும் உறவுக்குச் சான்று ஆகா என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

உணவும் வாழிடமும்

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தூத்துக்குடி உப்பளத்தார் கடல்நீரையோ, நிலத்தடி உவர்நீரையோ முதலில் தெப்பங்களில் தேக்குவர். வெயிலில் வற்றி உவர்ப்பு ஏற ஏற, நீர் அடுத்தடுத்த பாத்திகளுக்குச் செல்லும். இறுதிப் பாத்தியிலேதான் உப்பு விளையும். இடைப்பட்ட நீர்நிலைகளில் மீன் வாழ்வது அரிது. ஆயின் நுண்ணிய பாசிகளும், அவற்றைத் தின்னும் உவர்நீர் இறால் என்னும் சிற்றுயிரும் அங்கே பெருகும். பிற பறவைகளுக்குப் பாலையாகத் தோன்றும் அவ்விடமே பூநாரைக்குச் சோற்றுக்கலம்.

பூநாரை உண்ணும் முறை தனிச்சிறப்புடையது. அது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுவில் வளைந்த அலகை நீரில் அமிழ்த்தும். தடித்த நாக்கு பீச்சுகுழல் போல் முன்னும் பின்னும் இயங்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களில் உள்ள சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் நீரை வடித்து, சிற்றுயிரையும் பாசியையும் நிறுத்திக்கொள்ளும். அவ்வுணவில் உள்ள செந்நிறப் பொருளே இறகில் ஏறி இளஞ்சிவப்பைத் தருகிறது. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சிவப்பாக இருப்பதில்லை. சாம்பல் நிறமாகவே இருக்கும். அவ்வுணவு கிட்டாத பூநாரையின் நிறமும் வெளுத்துப்போகும். உப்பளத்தின் நலத்தைப் பறவையின் உடலே எழுதிக் காட்டுகிறது என்று கூறுதல் பொருந்தும்.

கூழைக்கடாவுக்கு வேண்டுவது மீன். ஆதலால் ஏரி, குளம், கழிமுகம், உப்பளத்தின் மீன் வாழும் தேக்கம் ஆகிய இடங்களை அது நாடும். தனியாகவோ சிறு கூட்டமாகவோ நீந்திச் சென்று, அலகைத் திறந்து வாரி உண்ணும். மீன் உள்ள நீர் மட்டும் அதற்குப் போதாது. அருகில் உறுதியான மரங்களும் வேண்டும். ஏனெனின், நம் கூழைக்கடா மரத்தில் கூடு கட்டும் பறவை.

கூடும் குஞ்சும்

பூநாரை மரத்தை நாடாது. எதிரி எளிதில் அணுக முடியாத சேற்று வெளியில், அலகால் மண்ணைக் குவித்து, மேலே குழிந்த சிறு மேடு ஒன்றை அமைக்கும். அதில் ஒரே ஒரு முட்டை இடும். சுற்றிலும் நீர் சிறிது ஏறினாலும் முட்டை நனையாதிருக்க அம்மேடு உதவும். ஏறத்தாழ ஒரு திங்கள் அடைகாத்தபின் குஞ்சு வெளிவரும். குஞ்சின் அலகு தொடக்கத்தில் நேராக இருக்கும். வளர வளரவே வளையும். அதுவரை வடித்து உண்ண இயலாத குஞ்சுக்கு, தாயும் தந்தையும் தம் உணவுக்குழாயிற் சுரக்கும் பால் போன்ற நீர்மத்தை ஊட்டும். தந்தையும் பாலூட்டுவது உயிருலகில் அரிதாகக் காணப்படும் பண்பாகும்.

இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் கூடுகட்டும் முதன்மையான இடம் குசராத்து மாநிலத்தின் கட்சுப் பெருவெளி. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1940களில் அங்குச் சென்று, ‘பூநாரை நகரம்’ எனப்பட்ட அவ்விடத்தை ஆராய்ந்து எழுதினார். மழை உரிய அளவு பெய்து நீர் தேங்கினால் அந்நகரம் எழும். மழை பொய்த்தால் எழாது.

கூழைக்கடா தன் இல்லத்தை மனிதரின் அருகிலேயே அமைத்துக்கொள்கிறது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம் இதற்குச் சான்று. குளம் நிறைந்த பருவத்தில் அங்கே கூழைக்கடாக்கள் வந்து, குளத்தினுள் நிற்கும் கருவேல மரங்களிலும், ஊருக்குள் வீட்டுப் புறக்கடை மரங்களிலும் கூடு கட்டும். ஒரு கூட்டில் பெரும்பாலும் மூன்று முட்டைகள் இருக்கும். பிறந்த குஞ்சுக்கு இறகே இராது. பெற்றோர் அரைகுறையாகச் செரித்த மீனைக் கக்கித் தர, குஞ்சுகள் அவற்றின் தொண்டைக்குள் தலையை விட்டு உண்ணும். இக்காட்சியைத் தொலைவில் நின்று கண்டதனாலோ என்னவோ, தாய் தன் மார்பைக் குத்திக் குருதியை ஊட்டுகிறது என்று ஐரோப்பியர் முற்காலத்தில் நம்பினர்.

பறவையின் எச்சமும் மீனின் நாற்றமும் ஓயாத இரைச்சலும் வீட்டருகில் இருத்தல் எளிதான செயலன்று. ஆயினும் கூந்தன்குளத்து மக்கள் அவற்றை விரட்டுவதில்லை, விருந்தினராகவே போற்றுகின்றனர். பறவைகள் அஞ்சும் என்று தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. 1994ஆம் ஆண்டில் அரசு அவ்விடத்தைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. சட்டம் பின்னர் வந்தது. மக்களின் அன்பு அதற்கு முன்னரே இருந்தது.

காப்பு நிலை

1948இல் தோன்றிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், உயிரினங்களின் நிலையை ஆராய்ந்து ‘சிவப்புப் பட்டியல்’ ஒன்றை வெளியிட்டு வருகிறது. அப்பட்டியலில் பெரும் பூநாரை ‘கவலை குறைந்த இனம்’ என்னும் படியில் உள்ளது. ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்கு ஆசியா, தெற்கு ஆசியா எனப் பரந்த நிலப்பரப்பில் அது வாழ்வதே அதற்குக் காரணம். புள்ளியலகுக் கூழைக்கடாவோ ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என்னும் படியில் உள்ளது. இந்தியா, இலங்கை, கம்போடியா ஆகிய நாடுகளிலேயே அது இன்று பெரும்பாலும் கூடுகட்டி வாழ்கிறது.

இப்பறவை முன்னர் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. அதன் அறிவியற் பெயர் பிலிப்பைன்சு நாட்டைக் குறிப்பது. 1789இல் செருமானிய அறிஞர் கிமெலின் அப்பெயரை இட்டார். நாட்டின் பெயர் பறவையின் பெயரில் நிலைத்துவிட்டது. பறவையோ அந்நாட்டில் இன்று இல்லை. பருமாவில் சிட்டாங்கு ஆற்றுச் சமவெளியில் எண்ணற்ற கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்ததை 1877இல் ஓட்சு என்னும் பறவையியலார் கண்டு எழுதினார். இலக்கக்கணக்கில் இருந்த அக்கூட்டம் இருபதாம் நூற்றாண்டில் அடியோடு மறைந்தது. மரம் வெட்டப்படுதல், கூட்டருகே மனிதர் இடையூறு செய்தல், நீர்நிலைகள் தூர்தல், பூச்சிமருந்து நீரிற் கலத்தல் ஆகியன இவ்வினத்துக்கு நேர்ந்த இடர்கள்.

ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. கூழைக்கடா முன்னர்ச் சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்பு இனம்’ என்னும் கடுமையான படியில் இருந்தது. காப்பு முயற்சிகளாற் பின்னர் ஒரு படி தேறியது. கூந்தன்குளம், செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல், கருநாடகத்தின் கொக்கரெபெள்ளூர், ஆந்திரத்தின் நேலப்பட்டு முதலிய இடங்களிற் கிடைத்த காப்பு அதற்குத் துணைநின்றது. அமெரிக்காவிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து மீன் வழியே பழுப்புக் கூழைக்கடாவின் உடலிற் சேர்ந்து, முட்டையின் ஓட்டை மெலியச் செய்தது. அடைகாத்த தாயின் எடையாலேயே முட்டைகள் உடைந்தன. 1972இல் அம்மருந்து அங்குத் தடுக்கப்பட்டது. பறவைகள் மெல்ல மெல்லப் பெருகின. 2009இல் அவ்வினம் அந்நாட்டின் அருகிவரும் உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இனி, கவலை குறைந்த இனம் என்பதனால் பூநாரையைப் பற்றி நாம் கவலையின்றி இருக்கலாமா? இருத்தல் ஆகாது. பட்டியல் உலகம் முழுமையும் நோக்கி எழுதப்படுவது. ஒவ்வோர் ஊரின் நிலையையும் அது கூறுவதில்லை. பூநாரை ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவது. கூடுகட்டும் இடங்களோ மிகச் சில. உப்பளங்களும் கழிமுகங்களும் மேடாக்கப்பட்டுக் கட்டடங்கள் எழுந்தாலும், ஆலைக் கழிவு நீரிற் கலந்தாலும், உலகில் வேறெங்கோ பூநாரை இருக்கும், தூத்துக்குடியில் இராது. தாழப் பறக்கும் கூட்டங்கள் மின்கம்பியில் மோதி இறத்தலும் உண்டு. இவற்றைக் கருதியே, கோடியக்கரையை அடுத்துத் தனுசுக்கோடியிலும் பூநாரைக்குக் காப்பிடம் வேண்டும் என்னும் எண்ணம் உருவாயிற்று. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாடு அரசு அங்கே 524.7 எக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைக் காப்பிடமாக அறிவித்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விரு பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடுக்கிறது.

ஒப்பீட்டின் பயன்

இரண்டையும் ஒப்பிட்டு நோக்கிய பின் ஓர் உண்மை தெளிவாகும். கூழைக்கடாவைக் காக்க விரும்புவோர் மரத்தையும் குளத்தையும் காக்க வேண்டும். பூநாரைக்கு மரத்தால் பயனில்லை. மனித இடையூறற்ற வெளியும் ஆழமற்ற உவர்நீருமே வேண்டும். உவர்நிலம் வீணாகக் கிடக்கிறது என்று கருதி அதில் மரம் நடுவோர், நல்லெண்ணத்தாலேயே பூநாரையின் மேய்ச்சல் வெளியைக் கெடுத்தவர் ஆவர். ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம். அறிவில்லாத அன்பு மட்டும் காப்புக்குப் போதாது.

தூத்துக்குடி மக்களுக்கு இது நன்கு விளங்கும். மன்னார் வளைகுடாவின் முத்து பண்டைக்காலம் முதல் கடல் கடந்தும் புகழ் பெற்றது. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் சிப்பிப் பார்கள் வளம் குன்றின. முன்போன்ற முத்துக்குளிப்பு அங்கு நடைபெறவில்லை. பல நூற்றாண்டு நிலைத்த செல்வமும் ஒரு தலைமுறையிற் காணாமற் போகக்கூடும் என்பதற்கு அக்கடலே சான்று.

முத்துச் சிப்பி கடலின் அடியில் இருப்பது. அது குறைவதைக் கரையில் நிற்பவர் காண இயலாது. பூநாரையும் கூழைக்கடாவும் அவ்வாறல்ல. கண்ணெதிரே வந்து நிற்பவை. இவ்வாண்டு எத்தனை வந்தன, எந்நாளில் வந்தன, எந்நீரில் மேய்ந்தன என்று ஆண்டுதோறும் எண்ணிக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடும், பொறுமையுள்ள இரு கண்களும் போதும். பள்ளி மாணவரும் இதனைச் செய்யலாம். குறைவு தோன்றும்போதே அதனை அறிந்து கூறுபவர் இருப்பின், காக்க நினைப்பவர்க்குக் காலம் இருக்கும்.

வினாக்கள்

1. பூநாரையின் நிறத்துக்கும் அதன் உணவுக்கும் உள்ள தொடர்பு யாது?

2. உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்று ஆகாது என்பதை இப்பாடங் கொண்டு விளக்குக.

3. கூந்தன்குளத்து மக்கள் கூழைக்கடாவைப் போற்றும் வகையை எழுதுக.

4. ‘கவலை குறைந்த இனம்’ என்னும் நிலை பூநாரையைப் பற்றிக் கவலையின்றி இருக்க இடந்தருமா? காரணம் காட்டி விடை தருக.

5. உங்கள் ஊர் நீர்நிலைக்கு வரும் பறவைகளுள் இரண்டைத் தேர்ந்து, உருவம், உணவு, கூடு ஆகியவற்றால் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரைக.